நெற்பயிரின் துத்தநாகக் கணக்கு: ஐசோடோப்புப் பிரிகையை அளப்பது எப்படி

நெல் வேர் துத்தநாகத்தை உறிஞ்சும்போது எல்லா அணுக்களையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. இயற்கையில் கிடைக்கும் துத்தநாகத்தில் 64 நிறையுள்ள அணுக்கள் 49.2 சதவீதம், 66 நிறையுள்ளவை 27.7, 68 நிறையுள்ளவை 18.5, 67 நிறையுள்ளவை 4, மீதி 0.6 சதவீதம் 70 நிறையுள்ளவை. வேரின் சுவரில் ஒட்டும்போதும், செல்லுக்குள் நுழையும்போதும், தண்டுக்கு ஏறும்போதும் இந்த விகிதம் துளித்துளியாக மாறும். இப்படி நிறை மட்டும் வேறுபடும் ஒரே தனிமத்தின் அணுக்களே ஐசோடோப்புகள், அவற்றின் விகிதம் மாறுவதே பிரிகை. அந்த மாற்றத்தை அளந்தால் துத்தநாகம் எந்த வழியாகப் போனது என்பதற்குத் தடயம் கிடைக்கும். வெறும் செறிவை அளந்தால் எவ்வளவு போனது என்பது மட்டும்தான் தெரியும்.

நடவுக்கு முன் ஹெக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட்டை 50 கிலோ மணலில் கலந்து தூவுவது தமிழ்நாட்டு நெல் விவசாயிக்குப் பழகிய வேலை. நெல்லின் துத்தநாகப் பற்றாக்குறையை, 'கைரா' நோய் என்ற பெயரில், 1966-இல் பந்த்நகரில் நேனே அடையாளம் காட்டினார். பற்றாக்குறையில் தவிக்கும் பயிர் துத்தநாகத்தை எடுக்க வேறு வழி தேடுகிறதா என்ற கேள்விக்கு ஐசோடோப்பு அளவீடு நேரடியாக உதவும். அதை ஊட்டக் கரைசலில் வளர்த்த நெல்லில் செய்யும் முறை இங்கே. அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் உங்களிடம் இருக்க வேண்டியதில்லை. மாதிரியை வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பி அளக்கலாம். கெடுவதில் பெரும்பகுதி அந்தக் கருவிக்கு வருமுன்பே கெட்டுவிடுகிறது.

அளவு சொல்லும் முறையை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். மாதிரியின் 66/64 விகிதத்தை ஸ்டாண்டர்டின் (எல்லோரும் ஒப்பிடப் பயன்படுத்தும் துத்தநாகத்தின்) 66/64 விகிதத்தால் வகுத்து, ஒன்றைக் கழித்து, ஆயிரத்தால் பெருக்கினால் வருவது டெல்டா-66. அதன் அலகு ஆயிரத்தில் ஒன்று (‰). எண் கூடினால் கனமான பக்கம், குறைந்தால் இலேசான பக்கம். நெல்லில் நீங்கள் தேடும் வேறுபாடு பெரும்பாலும் 0.1 முதல் 0.5‰ வரைதான். நல்ல ஆய்வகத்தின் அளவீட்டுப் பிழையே 0.05 முதல் 0.08‰ இருக்கும். ஆகவே கவனக்குறைவுக்கு இடமே இல்லை.

பானையின் அளவை முதலில் கணக்கிடுங்கள்

எந்த வேலைக்கும் முன் பேப்பரை எடுத்து இந்தக் கணக்கைப் போடுங்கள். பானையில் மொத்தம் எவ்வளவு துத்தநாகம் இருக்கிறது, பயிர் அதில் எவ்வளவை எடுக்கும்?

நெல்லுக்கான பழைய நம்பகமான கரைசல் யோஷிதா கரைசல். அதில் துத்தநாகம் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான். 4 லிட்டர் பானையில் மொத்தம் 40 மைக்ரோகிராம். ஒரு கிராம் உலர் எடைக்கு வளர்ந்த ஒரு நாற்றில், கிராமுக்கு 25 மைக்ரோகிராம் என்றால், 25 மைக்ரோகிராம் போய்விடும். அதாவது பானையில் இருந்ததில் 60 சதவீதத்துக்கு மேல். அப்படியானால் ஐசோடோப்பு அளவீடு ஏறக்குறைய வீண்.

காரணம் எளிது. பயிர் இலேசான அணுக்களை விரும்பி எடுத்தால், கரைசலில் கனமானவை தேங்கும். அதன்பின் பயிர் எடுப்பது அந்தக் கனமான கரைசலிலிருந்து. கடைசிவரை முழுவதையும் எடுத்துவிட்டால் பயிரும் தொடக்கக் கரைசலும் ஒரே எண்ணைக் காட்டும். பிரிகை நடந்ததற்கான அடையாளமே மறைந்துவிடும். எண்ணாகப் பார்ப்போம். உண்மையான பிரிகை −0.20‰ என்று வையுங்கள். 60 சதவீதம் எடுத்தபின் கரைசல் +0.18‰-க்கு நகர்ந்திருக்கும். பயிரில் சேர்ந்தது −0.12‰ என்றுதான் காட்டும். 10 சதவீதம் மட்டும் எடுத்திருந்தால் பயிர் −0.19‰ காட்டும். அந்த இழப்பு பிழைக்குள் அடங்கிவிடும். எனவே விதி இது: ஒரு முறை கரைசல் மாற்றுவதற்குள் பயிர் எடுப்பது பானையில் இருப்பதில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

சோதனைக்கு இரண்டு தொகுதிப் பானைகள் வேண்டும்: துத்தநாகம் போதுமானது ஒன்று, பற்றாக்குறையானது இன்னொன்று. போதுமான துத்தநாகம் உள்ள தொகுதிக்கு 1 மைக்ரோமோலார், அதாவது லிட்டருக்கு 65 மைக்ரோகிராம் வையுங்கள். 5 லிட்டர் பானையில் 327 மைக்ரோகிராம் இருக்கும். ஒரு பானைக்கு இரண்டு நாற்றுகள், வாரம் ஒருமுறை கரைசல் மாற்றம். 30 நாள் பயிர் கடைசி வாரத்தில் மட்டும் தன் மொத்தத்தில் ஏறக்குறைய பாதியை எடுக்கும். ஆகவே கடைசிப் பத்து நாட்களில் நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

பற்றாக்குறைத் தொகுதி கொஞ்சம் சிரமம். லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற அளவில் 5 லிட்டர் பானை போதவே போதாது. உணவுத் தரப் பிளாஸ்டிக் டிரம் 50 லிட்டர் எடுத்தால் மொத்தம் 500 மைக்ரோகிராம் ஆகும். மெலிந்த இரண்டு நாற்றுகள் சேர்ந்து 18 மைக்ரோகிராம் எடுத்தால் நான்கு சதவீதம்கூட வராது. இடத்தையும் நீரையும் கணக்கிட்டு, சின்னப் பானையில் உலோக அயனிகளைக் கவ்விப் பிடிக்கும் இ.டி.டி.ஏ. சேர்த்து, மொத்தத் துத்தநாகத்தைக் கூட்டி, பயிருக்கு எட்டும் அளவைக் குறைக்கலாமே என்று தோன்றும். செறிவு ஆய்வுக்கு அது நல்ல வழி. ஐசோடோப்புக்கு அது பொறி. இ.டி.டி.ஏ. பிடித்துவைத்த துத்தநாகம் தனித்து நிற்கும் அயனியைவிடச் சுமார் 0.3‰ கனமாக இருக்கும். அப்போது கரைசலின் சராசரி எண் பயிர் உண்மையில் பார்த்த துத்தநாகத்தின் எண்ணாக இருக்காது. நீங்கள் தேடுவதே அந்த அளவிலான வேறுபாடு என்பதால் டிரம்மே மேல்.

ஒவ்வொரு தொகுதிக்கும் நான்கு பானைகள். அதோடு பயிரே வைக்காத இரண்டு பானைகளையும் அதே அறையில், அதே மாற்று நாட்களில் ஓட்டுங்கள். பானைச் சுவர் எவ்வளவு பிடிக்கிறது, தூசியிலிருந்து எவ்வளவு விழுகிறது என்பதை அவைதான் சொல்லும்.

கரைசல்

யோஷிதா முறைப்படி மூலக் கரைசல்களை லிட்டருக்கு இவ்வளவு கிராம் எனத் தனித்தனியாகத் தயாரியுங்கள்: அம்மோனியம் நைட்ரேட் 91.4, சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் (இரு நீர் மூலக்கூறு உள்ளது) 40.3, பொட்டாசியம் சல்பேட் 71.4, நீரற்ற கால்சியம் குளோரைடு 88.6, மெக்னீசியம் சல்பேட் (ஏழு நீர் மூலக்கூறு உள்ளது) 324. ஒவ்வொன்றிலும் லிட்டருக்கு 1.25 மில்லி எடுத்தால் முழுச் செறிவு. நுண்ணூட்டத்தில் இரும்புக்கு ஃபெரிக் குளோரைடும் சிட்ரிக் அமிலமும் சேர்க்கும் மூல முறையையே வைத்துக்கொள்ளுங்கள். சிட்ரேட் துத்தநாகத்தைத் தளர்வாகத்தான் பிடிக்கும்.

இரும்பு இ.டி.டி.ஏ. போட்டால் வேலை சுலபம் என்று பலர் மாற்றிக்கொள்கிறார்கள். அதில் ஒரு சிக்கல். 36 மைக்ரோமோலார் இரும்புக்கு இ.டி.டி.ஏ. நிறுப்பதில் 3 சதவீதம் கூடினாலே 1 மைக்ரோமோலாருக்கு மேல் மிஞ்சும். அந்த மிச்சம் உங்கள் துத்தநாகத்தில் பெரும்பகுதியைக் கவ்விக்கொள்ளும். எந்த வடிவத்தில் எவ்வளவு துத்தநாகம் இருக்கிறது என்பதை விஷுவல் மின்டெக் போன்ற இலவச மென்பொருளில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

துத்தநாகத்தை ஜிங்க் சல்பேட் பாட்டிலில் இருந்துதான் சேர்க்கிறோம், ஆகவே அந்தப் பாட்டிலின் டெல்டா எண்தான் மூல எண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மெக்னீசியம் சல்பேட் லிட்டருக்கு 0.405 கிராம் போகிறது. அதில் கிராமுக்கு 5 மைக்ரோகிராம் துத்தநாக மாசு இருந்தால் லிட்டருக்கு 2 மைக்ரோகிராம் சேரும். பற்றாக்குறைத் தொகுதியில் அது ஐந்தில் ஒரு பங்கு, அதுவும் வேறு எண்ணுள்ள துத்தநாகம். எனவே கலந்து முடித்த கரைசலையே அளக்க வேண்டும். பற்றாக்குறைத் தொகுதிக்கான பெரும் ஊட்ட மூலக் கரைசல்களை முதலில் உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும் செலெக்ஸ்-100 ரெசினில் விட்டு வடித்துக்கொண்டால் இன்னும் நிம்மதி.

நீரைச் சோதியுங்கள். கால்வனைஸ் குழாயில் தங்கிய நீரில் லிட்டருக்குச் சில நூறு மைக்ரோகிராம் துத்தநாகம்கூட இருக்கலாம். எதிர்ச்சவ்வூடு வடிப்பும் அயனி நீக்கமும் தாண்டிய நீர்தான் வேண்டும். வளர்ப்பு அறையின் இரும்புச் சட்டம், உலர் அடுப்பின் தட்டு, ரப்பர் அடைப்பான், ரப்பர் கையுறை என எங்கு பார்த்தாலும் துத்தநாகம் இருக்கிறது. ரப்பரைக் கெட்டிப்படுத்தத் துத்தநாக ஆக்சைடு சேர்க்கிறார்கள். பவுடர் போட்ட லேட்டக்ஸ் கையுறை வேண்டவே வேண்டாம். வினைல் அல்லது பாலித்தீன் கையுறை போடுங்கள். முகத்துக்கோ கைக்கோ துத்தநாக ஆக்சைடு உள்ள கலமைன் தடவிக்கொண்டு மாதிரிப் பக்கம் வராதீர்கள்.

கரைசலின் அமிலத்தன்மையைத் தினமும் பாருங்கள். பி.எச். 5 வேண்டும். நெல் அம்மோனியத்தை முதலில் எடுப்பதால் வேர் அமிலத்தை வெளியே விடும், பி.எச். இரண்டு நாளில் 4-க்கு இறங்கலாம். அப்படி இறங்கினால் வேர்ச் சுவரில் துத்தநாகம் ஒட்டும் அளவே மாறிவிடும். தூய சோடியம் ஹைட்ராக்சைடு துளித்துளியாகச் சேர்த்துச் சரிசெய்யுங்கள். பானைக்குள் வெளிச்சம் போகாமல் மூடுங்கள். பச்சைப் பாசி படர்ந்தால் அதுவும் துத்தநாகம் தின்னும், கணக்கில் வராத இன்னொரு பயிர் அது.

விதையிலிருந்து நாற்று

ஏ.டி.டி. 43, ஐ.ஆர். 64 என்று எந்த நெல் ரகத்தை எடுத்தாலும் ஒரே விதைத்தொகுதியாக இருக்கட்டும். 1 சதவீதச் சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 10 நிமிடம், நன்றாகக் கழுவி ஒருநாள் ஊறவைத்து, 0.5 மில்லிமோலார் கால்சியம் குளோரைடின் மேல் நைலான் வலையில் முளைக்க வையுங்கள். ஏழு நாள் கழித்து அரைச் செறிவுக் கரைசல், பதினான்காம் நாள் முழுச் செறிவு.

விதைக்குள் இருக்கும் துத்தநாகத்தை மறந்தால் கணக்கு உதைக்கும். 25 மில்லிகிராம் நெல்மணியில், கிராமுக்கு 20 மைக்ரோகிராம் என்றால், அரை மைக்ரோகிராம் இருக்கிறது. ஒரு கிராமுக்கு வளர்ந்த பயிரில் அது இரண்டு சதவீதம், விட்டுவிடலாம். 50 மில்லிகிராம் இளநாற்றில் அதே அரை மைக்ரோகிராம் மொத்தத்தில் 40 சதவீதம். இளநாற்றை வைத்துச் செய்த பிரிகை எண்களில் பாதி விதையின் எண்ணாகவே இருக்கும். எனவே முழுச் செறிவுக்கு மாற்றும்போது எஞ்சிய மணியைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். பத்து விதைகளைத் தனியாக அளந்தும் வையுங்கள்.

அறுவடையும் வேர் கழுவலும்

முழுச் செறிவில் 30 நாள் ஆனபின், ஒரே நேரத்தில், காலையிலேயே எல்லாப் பானைகளையும் அறுவடை செய்யுங்கள். செராமிக் கத்தியால் வெட்டுங்கள். மேல்பகுதியை ஒரே மூட்டையாகக் கட்டாமல் இளம் இலை, முதிர்ந்த இலை, தண்டு எனப் பிரித்தால் பிறகு பயன்படும். மூங்கிலில் உயரே போகப் போக இலைகள் இலேசான துத்தநாகத்தைக் காட்டியதை 2009-இல் வெளியிட்டார்கள். எல்லாவற்றையும் அரைத்துக் கலந்துவிட்டால் இப்படிப்பட்ட படிநிலை தெரியாது.

இந்த முழு வேலையிலும் முடிவை அதிகம் மாற்றுவது வேர் கழுவலே. வேரில் இரண்டு வகைத் துத்தநாகம் இருக்கிறது: செல்லுக்குள் போனது ஒன்று, வெளிச்சுவரில் ஒட்டியது இன்னொன்று. சுவரில் ஒட்டுவது பெரும்பாலும் கனமானது. இரண்டையும் சேர்த்து அளந்துவிட்டு 'வேர் கனமான துத்தநாகத்தை எடுக்கிறது' என்று எழுதினால், அது பயிரின் தேர்வா, அழுக்குப் போல ஒட்டியதா என்று யாராலும் சொல்ல முடியாது.

முதலில் அயனி நீக்கிய நீரில் மூன்று முறை, ஒவ்வொன்றும் பத்து விநாடி முக்கி எடுங்கள். பிறகு பனிக்கட்டிக் குளிரில் வைத்த 5 மில்லிமோலார் கால்சியம் குளோரைடில் 15 நிமிடம், மெல்ல அசைத்தபடி. கால்சியம் சுவரில் இருக்கும் துத்தநாகத்தின் இடத்தைப் பிடித்து அதை வெளியே தள்ளும். குளிரில் செல் சவ்வின் கடத்திகள் தூங்கும், அந்த 15 நிமிடத்தில் உள்ளே வெளியே போக்குவரத்து குறையும். கழுவிய நீரைக் கொட்டாதீர்கள். அதிலுள்ள துத்தநாகத்தின் அளவும் ஐசோடோப்பும் சுவர்ப் பங்கின் எண்ணைத் தரும்.

இன்னும் சுத்தமாக வேண்டும் என்று இ.டி.டி.ஏ.-வில் அரைமணி ஊறவைப்பதுண்டு. அது சவ்வைப் பிடித்திருக்கும் கால்சியத்தையும் உருவிவிடும், செல்லின் உள்ளே இருப்பது கசியத் தொடங்கும். கசிகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலப வழி, கழுவிய நீரில் பொட்டாசியம் பாருங்கள். செல்லுக்குள் பொட்டாசியம் மிக அதிகம், சுவரில் குறைவு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்த நீரில் பொட்டாசியம் ஏறிக்கொண்டே போனால் கழுவலை அங்கேயே நிறுத்துங்கள்.

வேர் செம்பழுப்பாக இருந்தால் அது இரும்புப் படலம். நெல் வேர் ஆக்சிஜனைக் கசியவிடுவதால் இரும்பு அங்கே துருவாகப் படியும், துருவும் துத்தநாகத்தைப் பிடிக்கும். 0.03 மோலார் சோடியம் சிட்ரேட்டும் 0.125 மோலார் சோடியம் பைகார்பனேட்டும் கலந்த 40 மில்லிக்கு 0.6 கிராம் சோடியம் டைதயோனைட் சேர்த்து, அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம் வேரை முக்கினால் படலம் கரையும். இந்த மருந்துகளிலும் துத்தநாகம் உண்டு. வேர் போடாத ஒரு குடுவையையும் கூடவே ஓட்டுங்கள்.

65 டிகிரியில் மூன்று நாள் உலர்த்தி, எடை எடுத்து, அகேட் அல்லது சிர்கோனியா உரலில் பொடியாக்குங்கள். பித்தளை, கால்வனைஸ் எதுவும் தொடக் கூடாது.

கரைத்தல்

ஐசோடோப்புக்கு அனுப்புவதற்கு முன், ஒவ்வொரு மாதிரியிலும் சிறிது கரைத்துச் செறிவை மட்டும் அளந்துகொள்ளுங்கள். அந்த எண் இல்லாமல் அடுத்த எதையும் திட்டமிட முடியாது.

பிறகு 100 மில்லிகிராம் பொடி, இரட்டை வடிப்பு நைட்ரிக் அமிலம் 3 மில்லி, 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 1 மில்லி. ஒரு மணி நேரம் மூடியைத் தளர்த்தி வைத்து நுரை அடங்கியபின் மைக்ரோவேவ் கலத்தில் 180 டிகிரிக்கு மேல் 20 நிமிடம். உடனே மூடி ஏற்றினால் அழுத்தம் ஏறிக் கலம் கக்கிவிடும்.

நெல்லில் கலத்தின் அடியில் வெள்ளைத் துகள்கள் மிஞ்சும். அது சிலிக்கா. நெல் சிலிக்காவைக் குவிக்கும் பயிர், வைக்கோலின் எடையில் பத்து சதவீதம்கூட இருக்கும். அதை வடிகட்டி எறிந்தால் உள்ளே சிறைப்பட்ட துத்தநாகமும் போய்விடும். 0.1 முதல் 0.2 மில்லி ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் சேர்த்தால் கரையும். அதற்கான புகைப்பெட்டி, கையுறை, கால்சியம் குளுக்கோனேட் களிம்பு மூன்றும் கையருகில் இல்லாத ஆய்வகத்தில் அந்த அமிலப் பாட்டிலைத் திறக்கவே திறக்காதீர்கள். தோலில் பட்டால் வலி மணிக்கணக்கில் கழித்துத்தான் தெரியும், அதற்குள் ஆழமாகப் போயிருக்கும். பாட்டில் இல்லையென்றால் அந்த வேலையை வசதியுள்ள இடத்தில் செய்யச் சொல்லுங்கள்.

கரைசல் மாதிரியை 50 மில்லி எடுத்து உலர்த்தினால் கால்சியம் சல்பேட் வெண்படிவு வரும். அதை வடிகட்டாமல் வெதுவெதுப்பான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தாராளமாகக் கரையுங்கள்.

ஒவ்வொரு பத்து மாதிரிக்கும் மாதிரி போடாத ஒரு வெற்றுக் கலம், அமெரிக்கத் தர நிறுவனமான என்.ஐ.எஸ்.டி.-யின் 1573ஏ தக்காளி இலைத்தூள் ஒன்று. அதன் சான்றளித்த துத்தநாக அளவு கிராமுக்கு 30.9 மைக்ரோகிராம். அதற்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் விலகினால் கரைத்தல் சரியில்லை. வெற்றுக் கலத்தில் 10 நானோகிராமுக்கு மேல் வந்தால் மூலத்தைத் தேடுங்கள். 2.5 மைக்ரோகிராம் துத்தநாகமுள்ள இலைக்கு 10 நானோகிராம் பொருட்டல்ல. 100 நானோகிராம் மட்டுமே உள்ள கழுவு நீருக்கு அது பத்து சதவீதம், எண்ணையே புரட்டிவிடும்.

ரெசினில் பிரித்தல்

துத்தநாகத்தை மற்ற உப்புகளிலிருந்து பிரிக்க ஏ.ஜி. எம்.பி.-1 என்ற அயனிமாற்று ரெசின் 1.6 மில்லி, பாலிப்ரொப்பிலீன் குழாயில். 0.5 மோலார் நைட்ரிக் அமிலமும் நீரும் மாறிமாறி மூன்று முறை விட்டுக் கழுவி, 7 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தயார்படுத்துங்கள். மாதிரியை முழுக்க உலர்த்தி, 0.001 சதவீதம் பெராக்சைடு கலந்த 7 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 1 மில்லி ஆக்கி ஏற்றுங்கள். அதே அமிலத்தில் 10 மில்லி விட்டால் பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் கழன்றோடும். அடுத்த 20 மில்லியில் தாமிரம் வரும். 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 மில்லியில் இரும்பு. கடைசியாக 0.5 மோலார் நைட்ரிக் அமிலம் 10 மில்லியில் துத்தநாகம்.

இந்த அளவுகளை அப்படியே நம்பாதீர்கள். ரெசின் தொகுதி, குழாயின் அகலம், மாதிரியில் உள்ள உப்பு எல்லாமே எல்லைகளை நகர்த்தும். நெல் இலையின் உப்புக் கலவையைப் போலச் செயற்கையாக ஒன்று செய்து, ஒரு மில்லி ஒரு மில்லியாகச் சேகரித்து எங்கே துத்தநாகம் தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று உங்கள் குழாயில் பாருங்கள். துத்தநாகத்தின் ஒரு நுனி விடுபட்டாலும் ஆபத்து, ஏனென்றால் ரெசினே ஐசோடோப்புகளைப் பிரிக்கும். ஏற்றியதும் இறங்கியதும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு மாதிரிக்கும் சரிபாருங்கள்.

இதற்குப் பாதுகாப்பு இரட்டை ஸ்பைக். 64-உம் 67-உம் செறிவூட்டிய துத்தநாகக் கலவையைக் கரைப்பதற்கு முன்பே மாதிரியில் சேர்த்துவிட்டால், அதன்பின் எங்கே எவ்வளவு இழந்தாலும் கணக்கில் திருத்திக்கொள்ளலாம். மாதிரித் துத்தநாகத்துக்குச் சமமான அளவு ஸ்பைக் என்பது நல்ல தொடக்கம். அதனால்தான் செறிவை முன்கூட்டியே அளக்கச் சொன்னோம்.

துத்தநாகப் பகுதியை உலர்த்தி, இரண்டு துளி நைட்ரிக் அமிலம், இரண்டு துளி பெராக்சைடு விட்டு மறுபடி உலர்த்துங்கள். ரெசினிலிருந்து வரும் கரிமப் பொருள் பிளாஸ்மாவில் சமிக்ஞையைக் கெடுக்கும். குளோரைடும் இந்தச் சுற்றில் போய்விடும்.

கருவியில்

மல்டிகலெக்டர் ஐ.சி.பி. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் தானே ஓர் அணுநிறை அலகுக்குச் சில சதவீதம் கனமான பக்கம் சாய்க்கும். நெல் செய்யும் வேறுபாட்டைவிட இது நூறு மடங்கு பெரிது. அதைத் திருத்த இரட்டை ஸ்பைக் போடலாம், அல்லது தாமிரம் சேர்த்து அதன் 65/63 விகிதத்தை வைத்துத் திருத்தி, ஒவ்வொரு மாதிரிக்கும் முன்னும் பின்னும் ஸ்டாண்டர்டு ஓட்டலாம். இரண்டாவது வழியில் மாதிரியும் ஸ்டாண்டர்டும் செறிவில் பத்து சதவீதத்துக்குள் ஒத்திருக்க வேண்டும், அமிலமும் ஒரே வாளியிலிருந்து வர வேண்டும். மில்லிக்கு 100 நானோகிராம் கரைசல் 2 மில்லி இருந்தால் ஓர் அளவீட்டுக்குப் போதும்.

64-இன் மேல் நிக்கல்-64 விழும். நிக்கல்-62-ஐக் கண்காணித்துக் கழியுங்கள். டைட்டேனியம் ஆக்சைடும் 64-இன் மேல் விழும். சிலிக்காவை ஒழிக்காமல் விட்டால் ஆர்கான்-சிலிக்கான் 68-இன் மேல் உட்காரும். பேரியத்தின் இரட்டை மின்னூட்ட அயனிகள் 67, 68 இரண்டையும் தொடும். இவை ஏதும் புகுந்ததா என்று கண்டுபிடிக்க டெல்டா-66-ஐக் கிடையாகவும் டெல்டா-68-ஐ நெடுக்காகவும் வரையுங்கள். புள்ளிகள் சரிவு 1.95-ஐ ஒட்டிய கோட்டில் விழ வேண்டும். கோட்டை விட்டு விலகிய புள்ளிக்கு உயிரியல் விளக்கம் தேடாதீர்கள், மாதிரியை மறுபடி ரெசினில் விடுங்கள். இரட்டை ஸ்பைக் போட்ட மாதிரிக்கு இந்தச் சோதனை கிடைக்காது. எனவே சிலவற்றை ஸ்பைக் இல்லாமலும் ஓட்டுங்கள்.

பழைய ஆய்வுகள் ஜே.எம்.சி. லியான் ஸ்டாண்டர்டுக்கு எதிராக எண் தரும். அது தீர்ந்துபோனதால் பலர் இப்போது ஏ.ஏ.-ஈ.டி.எச். பயன்படுத்துகிறார்கள். அதற்கு எதிராக வந்த எண்ணுடன் 0.28 கூட்டினால் லியான் அளவுக்கு மாறும். இதைச் செய்யாமல் இரண்டு ஆய்வுகளை ஒப்பிட்டால் 0.28‰ வித்தியாசத்தைப் பயிரின் மேல் ஏற்றிவிடுவீர்கள்.

கணக்கை மூடுதல்

எடுத்துக்காட்டுக்கு: வேர் 0.2 கிராம், கிராமுக்கு 60 மைக்ரோகிராம், டெல்டா-66 கரைசலைவிட +0.15. மேல்பகுதி 0.8 கிராம், கிராமுக்கு 25 மைக்ரோகிராம், −0.20. வேரில் 12 மைக்ரோகிராம், மேலே 20. முழுப் பயிரின் எண்: 12-ஐ 0.15-ஆலும் 20-ஐ −0.20-ஆலும் பெருக்கிக் கூட்டி 32-ஆல் வகுத்தால் −0.07. வேர் கனமாகவும் மேல்பகுதி இலேசாகவும் இருந்தும், முழுப் பயிர் கரைசலிலிருந்து பெரிதாக விலகவில்லை. அப்படியானால் நடந்தது உள்ளுக்குள் பங்கீடு, உறிஞ்சலில் தேர்வு மிகச் சிறிது. வேர், மேல்பகுதி என்ற இரண்டு எண்களை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

பிழையையும் கூட்டுங்கள். இரண்டு எண்ணிலும் 0.06 பிழை என்றால் வேறுபாட்டின் பிழை 0.085. மேலே சொன்ன −0.07-ஐ 'இலேசானதை விரும்புகிறது' என்று எழுத முடியாது.

விளக்கம் சொல்ல இரண்டு விதிகள் கையில் இருக்கட்டும். சமநிலையில், அணுவைக் குட்டையாக, இறுக்கமாகப் பிடிக்கும் பிணைப்பு கனமான ஐசோடோப்பைச் சேர்க்கும். ஆக்சிஜன், நைட்ரஜன் பிடிப்பு கனமான பக்கம், கந்தகப் பிடிப்பு இலேசான பக்கம். ஒருவழிப் பாதையான ஊடுருவலும் சவ்வுக் கடத்திகளும் இலேசானதை முந்த விடும். 2005-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு நெல், தக்காளி, லெட்யூஸ் மூன்றிலும் மேல்பகுதி வேரைவிட ஓர் அணுநிறை அலகுக்கு 0.13 முதல் 0.26‰ இலேசாக இருப்பதைக் காட்டியது. டெல்டா-66 என்ற அளவில் அதை இரண்டால் பெருக்க வேண்டும். மாறாக, துத்தநாகம் குறைந்த சேற்று மண்ணில் வளர்ந்த நெல் கனமான பக்கம் சாய்ந்ததை 2010-இல் வெளியிட்டார்கள். வேர் சுரக்கும் டிஆக்ஸிமியூஜினிக் அமிலம் துத்தநாகத்தை இறுக்கிப் பிடித்து உள்ளே கொண்டுபோவதாக அதற்கு விளக்கம் சொன்னார்கள். உங்கள் இரண்டு தொகுதிகளும் சோதிப்பது இதைத்தான். பற்றாக்குறைத் தொகுதியின் முழுப் பயிர் எண் போதுமான தொகுதியைவிடப் பிழையைத் தாண்டிக் கனமாக வந்தால் மட்டுமே அந்த விளக்கத்தைத் தொடுங்கள். அப்போதும் பற்றாக்குறைப் பயிரின் இலைத் துத்தநாகம் கிராமுக்கு 20 மைக்ரோகிராமுக்குக் கீழே உண்மையிலேயே இறங்கியதா என்று முதலில் காட்ட வேண்டும். மூலக் கரைசலில் இருந்த மாசால் இறங்காமலே இருந்திருக்கலாம்.

இதே பானைகளில் வேறு உலோகம் பார்க்க நினைப்பவர்கள் திசைகள் மாறும் என்பதை நினைவில் வையுங்கள். காட்மியம் கோதுமையில் துத்தநாகத்துக்கு நேர்மாறாகப் போகிறது. வேரில் கந்தகத்தோடு கட்டுண்ட இலேசான காட்மியம் தங்கி, மேலே கனமானது போகும். இரும்பில், வேரிலேயே ஒடுக்கி எடுக்கும் சோயா, லெட்யூஸ் வகைகள் மண்ணைவிட 1.6‰ வரை இலேசாகும். பிடிப்பான்களைச் சுரந்து எடுக்கும் புல்வகைகள் 0.2‰ அளவில் கனமாகும். நெல் இந்த இரண்டு வழியும் தெரிந்த பயிர் என்பதால், இரும்பு அளப்பவர் கரைசலில் ஃபெரஸ், ஃபெரிக் இரண்டையும் தனித்தனியே தினமும் அளக்க வேண்டும். இரும்புப் படலத்தைக் கரைத்த நீரை அப்போது எறியவே முடியாது.